ஓடச் சொன்ன சோதனை

வியாழக்கிழமை சாயங்காலம் ரஞ்சித் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டான். கையில் பரோட்டா பொட்டலம்.

"முடிஞ்சிது சௌமி. வாய்ஸ் கால் வேலை ஃபுல்லா முடிஞ்சிது."

இரண்டு வாரமாக அந்த வேலையை வைத்துத்தான் வீட்டில் சண்டை. கணவனும் மனைவியும் ஒரே ஆபீஸில், ஒரே டீமில் இருந்தால் ஆபீஸ் சண்டை ஆபீஸோடு நிற்பதில்லை. குக்கர் வைக்கும்போதும் தொடரும். களைத்துப் போயிருந்த சௌமியா, எப்படி முடிந்தது என்று கேட்கவில்லை. பரோட்டா சூடாக இருந்தது. சால்னாவும் நன்றாக இருந்தது. சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டாள்.

கேட்டிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை. மாத்தூரில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் அவர்கள் ஆபீஸ். சௌமியா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும்போது கைப்பேசி அதிர்ந்தது.

'அவசர எச்சரிக்கை. குளிர்பதனக் கிடங்கில் அம்மோனியா கசிவு. ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொண்டு உடனே வீட்டை விட்டு வெளியேறவும்.'

அந்த வாக்கியத்தை எழுதியவளே அவள்தான். அது தன் போனுக்கு வந்தால் எண்ணூர்க் குப்பத்தில் எல்லோருடைய போனுக்கும் வந்திருக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். குப்பத்தில்தான் மாமியார் குணசுந்தரி இருக்கிறாள்.

கிடங்கின் மதில்மேல் பொருத்தியிருக்கும் மீட்டர் என்ன சொல்கிறது என்று கம்ப்யூட்டர் திரையைத் திறந்து பார்த்தாள். காற்றில் அம்மோனியா சாதாரண அளவில்தான் இருந்தது.

அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அடுத்த செய்தி.

'ஆபத்து நீங்கியது. அனைவரும் வீடு திரும்பலாம்.'

அதன் தலைமேலேயே இன்னொன்று.

'அவசர எச்சரிக்கை. குளிர்பதனக் கிடங்கில்...'

ஓடு, திரும்பி வா, மறுபடி ஓடு. இந்த வரிசை அவளுக்கு மனப்பாடம். தினமும் காலையில் தானாக ஓடும்படி அவள் எழுதி வைத்திருந்த சோதனைகளின் வரிசை இது. எச்சரிக்கை சரியாகப் போகிறதா, ஆபத்து நீங்கியதும் அடுத்த செய்தி போகிறதா, மறுபடி கசிந்தால் மறுபடி போகிறதா என்று புரோகிராம் தன்னைத் தானே பரிசோதித்துக்கொள்ளும். ஆனால் அந்தச் சோதனை போவது பொய் எண்களுக்கு. உலகத்தில் யாருக்கும் இல்லாத எண்களுக்கு.

இன்று நிஜ எண்களுக்குப் போய்க்கொண்டிருந்தது.

போன் அடித்தது. எடுத்தாள். அவள் குரலே அவளிடம் பேசியது.

"வணக்கம், நான் சௌமியா பேசறேன். கிடங்குல காஸ் கசியுது. பசங்க, வயசானவங்களைக் கூட்டிக்கிட்டு உடனே வெளியே வாங்க."

இதுதான் ரஞ்சித் முடித்துவிட்டதாகச் சொன்ன வாய்ஸ் கால்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், இறால் ஏற்றுமதிக்கான அந்தக் குளிர்பதனக் கிடங்கு குப்பத்துக்குப் பக்கத்தில் வந்தது. அம்மோனியாவில் ஓடும் குளிர் யந்திரம். ஒருநாள் காலை கண்ணெரிச்சலில் பாதிக் குப்பம் தெருவுக்கு வந்து உட்கார்ந்ததும், கிடங்குக்காரர்கள் மதிலில் மீட்டர் வைக்கவும், அளவு மீறினால் எல்லோருக்கும் செய்தி அனுப்பவும் ஒப்புக்கொண்டார்கள். செய்தி அனுப்பும் புரோகிராமை எழுதும் வேலை ஜெபசிங்கின் சின்னக் கம்பெனிக்கு வந்தது. வீடு வீடாகப் போய், "என் மருமவ செஞ்சது, நம்பர் குடு" என்று எண்களை வாங்கிச் சேர்த்தவள் குணசுந்தரி. படிக்கத் தெரியாதவர்களுக்கு போன் பண்ணிச் சொல்ல வேண்டும் என்று யோசனை சொன்னதும் அவள்தான். "மிஷினு கொரலு வாணாம். உன் கொரலுலயே சொல்லு. அப்பதான் நம்புவாங்கோ."

நம்பினார்கள்.

செய்தி அனுப்பும் பகுதியை சௌமியா நிறுத்துவதற்குள் ஆறு செய்தியும் ஒரு சுற்று வாய்ஸ் காலும் போய்விட்டன.

"என்னம்மா நடக்குது?" ஜெபசிங் தன் அறையிலிருந்து இரண்டு கையிலும் இரண்டு போனோடு ஓடி வந்தான். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் இரும்புச் சாமான் மொத்த வியாபாரம் நடத்தும் குடும்பத்துப் பிள்ளை. பதற்றம் வந்தால் அப்பாவின் பேச்சு வாயில் வந்துவிடும். "கிடங்கு மேனேஜர் லைன்ல நிக்கான். அவன் ஆளுங்களே கேட்டைத் தாண்டி ஓடிட்டாங்களாம். எங்க கசிஞ்சுதுன்னு கேக்கான். நான் என்ன சொல்ல?"

"கசியல சார். நம்ம டெஸ்ட்டு. நிஜ லிஸ்ட்டுக்குப் போயிடுச்சு."

"எப்படிம்மா போவும்? போவாதுன்னு சொன்னியே! அதுக்குத்தானே அத்தனை ரூல் வச்சே!"

அதைத்தான் அவளும் தேடிக்கொண்டிருந்தாள்.

நாலைந்து பேர் சேர்ந்து ஒரே புரோகிராமை எழுதும்போது ஆளுக்கொரு பிரதி எடுத்துத் தனியாக வேலை பார்ப்பார்கள். அந்தத் தனிப் பிரதிக்குக் கிளை என்று பெயர். கிளையில் என்ன கூத்து அடித்தாலும் வெளியே யாருக்கும் பாதிப்பில்லை. வேலை முடிந்ததும் அதைப் பொதுவான மெயினில் சேர்க்க வேண்டும். மெயினில் இருப்பதுதான் நிஜமாக ஓடுவது. அதனால் சேர்ப்பதற்கு முன் எல்லாச் சோதனையும் ஓடிப் பச்சை காட்ட வேண்டும், இன்னொருவர் படித்துப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்று சௌமியா பூட்டு போட்டு வைத்திருந்தாள்.

நேற்று சாயங்காலம் யாரோ பூட்டைத் திறந்து, உள்ளே போய், மறுபடி பூட்டியிருந்தார்கள். சாவி இரண்டே பேரிடம்தான். அவளிடம் ஒன்று. இன்னொன்று அவனிடம்.

ரஞ்சித் அப்போதுதான் மாடிப்படி ஏறி வந்தான். கையில் போன். முகத்தில் ரத்தமே இல்லை.

"சௌமி, அம்மா நம்பர் எடுக்கல. ரெண்டு தபா போட்டேன்."

"ரூலை ஆஃப் பண்ணியா?"

"முதல்ல அம்மா..."

"ரூலை ஆஃப் பண்ணியா, இல்லையா?"

"பத்து நிமிஷம்தான்." அவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். "உன் டெஸ்ட்டு ரெட்டுலயே நின்னுகினு இருந்துச்சு. எத்தனை தபா ஓட்டுறது? வெள்ளிக்கிழமை காட்டணும்னு சார் சொல்ட்டாரு. நீ பாக்கறேன் பாக்கறேன்னு மூணு நாளா இழுத்துகினே கீறே..."

"ரெண்டு வாரம் மெயின் பக்கமே தலை வெச்சுப் படுக்காம, ஒரே நாள்ல இருநூறு ஃபைலைக் கொண்டாந்து கொட்டுனா மூணு நாள் ஆவாதா? தினம் கொஞ்சமா சேருன்னு எத்தனை வாட்டி சொன்னேன்? சிவப்பு எரிஞ்சா நில்லுன்னு அர்த்தம். பல்பைக் கழட்டுன்னு அர்த்தம் இல்ல."

"அம்மாவுக்கு ஒரு கால் போவுதான்னு பாக்க நிஜ லிஸ்ட்டை என் கிளையில போட்டேன். எடுக்க மறந்துட்டேன். அவ்ளோதான். வேற ஒண்ணும் இல்ல."

"அவ்ளோதானா? நாலாயிரம் பேரு, ரஞ்சித்!"

ஜெபசிங் இருவருக்கும் நடுவில் வந்து நின்றான். "எப்பா, வீட்டுச் சண்டையை வீட்ல வச்சுக்கோங்க. முதல்ல இதைச் சரி பண்ணு."

"நேத்து சேர்த்ததை முழுசா வெளிய எடு" என்றாள் சௌமியா.

"முழுசா எடுத்தா வாய்ஸ் காலும் பூடும். லிஸ்ட்டை மட்டும் மாத்திடறேன். ரெண்டு நிமிஷ வேலை."

அவன் தட்டத் தொடங்கினான். அவள் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே அவள் போன் அடித்தது. ஊர்த் தலைவர் அப்பாவு.

"சௌமியாவா? உன் மாமியா வுழுந்துட்டாங்கமா. ஷேர் ஆட்டோல ஏறச் சொல்லோ கால் சறுக்கி... கை ஒடஞ்ச மாரி கீது. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயிருக்காங்கோ. உன் புருஷனை இட்டுகினு சீக்கிரம் வா."

அதற்குமேல் யாரும் திரையைப் பார்க்கவில்லை.

*

மணலி சாலையில் டேங்கர் லாரிகளுக்கு நடுவே ரஞ்சித் பைக்கை நுழைத்து நுழைத்து ஓட்டினான். பின்னால் உட்கார்ந்திருந்த சௌமியா அவன் தோளைப் பிடிக்கவில்லை. பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"கோபமா கீறியா?" ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கேட்டான்.

"ரோட்டைப் பாத்து ஓட்டு."

"அம்மாவுக்குன்னுதான் சௌமி அவசரப்பட்டேன். வாய்ஸ் கால் எப்ப வரும், எப்ப வரும்னு கேட்டுகினே இருந்தாங்கோ."

"உங்கம்மா கேட்டாங்கன்னு உங்கம்மா கையையே ஒடச்சிட்ட."

அவன் வேகத்தைக் கூட்டினான். அவளுக்கே சொல்லியிருக்க வேண்டாம் என்றுதான் தோன்றியது. ஆனால் திரும்ப எடுக்கிற நிலைமையில் அவள் இல்லை.

ஆஸ்பத்திரியில் குணசுந்தரி கட்டிலில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். இடது கையில் ஈரம் காயாத மாவுக்கட்டு. சுற்றிலும் குப்பத்துப் பெண்கள் நாலு பேர். வலியில் முகம் வெளுத்திருந்தாலும் குரல் குறையவில்லை. மீன் ஏலத்தில் இருபது வருஷம் கத்திய குரல்.

"தோ வந்துட்டா என் மருமவ! இவ கொரலுதான். போனை எடுத்தா, வெளிய வாங்கன்றா. நான் ஒரு நிமிசம் நிக்கலியே. தெருத்தெருவா கதவைத் தட்டி எல்லாத்தையும் கெளப்பி உட்டேன்."

"எப்படி அத்தே வுழுந்தீங்க?"

"அதை இன்னான்னு சொல்றது? முதல்ல ஓடுனோம். தெருமுனை கூடத் தாண்டல, வூட்டுக்குப் போன்னு மெசேஜ் வருது. திரும்பி வந்தோம். வூட்டு வாசல்ல கால் வெக்கல, மறுபடி ஓடுன்ற. இன்னாடா இது, பேஜாரா கீதேன்னு மறுபடி ஓடி ஆட்டோல ஏறச் சொல்லோதான் சறுக்கிச்சு."

பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். சௌமியாவுக்கு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

"அத்தே, அந்த மெசேஜ்..."

"நல்லவேளை வந்துச்சு. எனக்கு நாத்தம் மூக்குல ஏறிச்சு. கண்ணு எரிஞ்சிச்சு. நர்ஸம்மா கிட்டயும் சொல்லிட்டேன்."

சௌமியா ரஞ்சித்தை வெளியே இழுத்து வந்தாள்.

வராந்தாவுக்கு வந்ததும் ரஞ்சித் தணிந்த குரலில் சொன்னான். "பாத்தியா? உன்னைக் காப்பாத்தத்தான் சொல்றாங்கோ. உன் பேரு கெடக் கூடாதுன்னு. விட்டுடு. நாத்தம் வந்துச்சுன்னு ஊரே சொல்லட்டும். யாருக்கு நட்டம்?"

"அப்போ இனிமே நம்ம டெஸ்ட்டு தப்பாப் போனா உங்கம்மாவுக்கு மூக்குல ஏறும். அப்படித்தானே?"

"இப்ப இன்னான்ற நீ?"

போன் அடித்தது. ஜெபசிங். "சௌமியா, கேளும்மா. குப்பத்து ஜனம் கிடங்கு கேட்ல உக்காந்துட்டாங்க. உன் மாமியாருக்கு நாத்தம் அடிச்சுதாம், கை ஒடஞ்சுதாம். கிடங்கை மூடுன்னு கத்துதாங்க. மேனேஜர் உன்னை வரச் சொல்லுதான். போ. ஆனா வாயைத் திறக்காதே. ஆராய்ஞ்சுகிட்டு இருக்கோம்னு மட்டும் சொல்லு. டெஸ்ட்டுன்னு ஒரு வார்த்தை வந்துச்சு, கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்."

ஒருவன் விட்டுவிடு என்கிறான். இன்னொருவன் வாயைத் திறக்காதே என்கிறான். உள்ளே மாமியார் அவளுக்காகச் சத்தியம் செய்துகொண்டிருக்கிறாள். எல்லோரும் சேர்ந்து அவளைக் காப்பாற்றியே கொன்றுவிடுவார்கள் போலிருந்தது.

*

கிடங்கு வாசலில் வெயில் கொளுத்தியது. தரையில் பிளாஸ்டிக் கோணியை விரித்து ஆண்களும் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போக முடியாத இறால் லாரிகள் சாலையோரம் வரிசையாக நின்றன. அப்பாவு நடுவில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மேனேஜர் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் கேட்டுக்குப் பின்னால் நின்றார். சௌமியாவைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "மேடம், எங்க பிளான்ட்ல ஒரு சொட்டு கசியல. உங்க சாஃப்ட்வேர் தப்பு. அதை நீங்களே உங்க வாயால சொல்லிடுங்க. இல்லன்னா உங்க கம்பெனி மேல நான் போலீஸ்ல எழுதிக் கொடுக்க வேண்டி வரும்."

ரஞ்சித் அவள் முழங்கையைத் தொட்டான். "சார் சொன்னது நெனப்பு கீதுல்ல?"

சௌமியா ஜனங்களைப் பார்த்துத் திரும்பினாள். நாலைந்து முகம் நன்றாகத் தெரிந்த முகம். கல்யாணத்தன்று அவளுக்கு ஆரத்தி எடுத்த கிழவி முதல் வரிசையில் இருந்தாள். முந்தானை ஈரம் பட்டுக் காய்ந்து சுருங்கியிருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிய ஈரம்.

ஆராய்ந்துகொண்டிருக்கிறோம் என்று இந்தக் கிழவியிடம் எப்படிச் சொல்வது?

"நான்தான் சௌமியா. குணசுந்தரி வூட்டு மருமக. போன்ல பேசுனது என் குரல்தான்" என்றாள். "காலையில வந்தது நிஜ எச்சரிக்கை இல்ல. மெசேஜ் ஒழுங்கா போவுதான்னு நாங்க தினமும் சோதனை பண்ணுவோம். அது உங்க நம்பருக்கு வரவே கூடாது. வந்துடுச்சு. எங்க தப்பு. யாரும் உங்களை ஏமாத்தணும்னு பண்ணல. ஆனா தப்பு எங்களோடதுதான்."

கூட்டத்தில் சத்தம் ஒரேயடியாக எழுந்தது.

"சோதனையா? எங்களை வெச்சா?"

"என் பொண்ணு ஆறு மாசப் புள்ளய தூக்கினு ஓடுனாமா!"

"ஒரு தபா இல்ல, ரெண்டு தபா ஓட உட்டிருக்கே!"

அப்பாவு கையைத் தூக்கி அடக்கினார். "இரு, இரு. இன்னாமா சொல்ற நீ? உன் மாமியாளே நாத்தம் வந்துச்சுன்னு சொல்லுதே."

மேனேஜர் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார். "சொல்லுங்க மேடம். காஸ் கசிஞ்சுதா, இல்லையா? உங்க கையில மீட்டர் இருக்குல்ல? பாத்துச் சொல்லுங்க."

அவள் போனில் மீட்டர் பக்கத்தைத் திறந்தாள். சாதாரண அளவு. காலையில் பார்த்தபோது இருந்ததும் அதுதான். திரையை அப்பாவு பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"கசியல" என்றாள். "எங்க அத்தே பயத்துல சொல்லியிருக்காங்க. காஸ் எதுவும் கசியல. நீங்க வூட்டுக்குப் போலாம்."

யாரும் உடனே எழவில்லை. எழுந்தபோது அவளைப் பார்க்காமல் எழுந்தார்கள். கோணியைச் சுருட்டினார்கள். ஆரத்தி எடுத்த கிழவி மட்டும் அவள் எதிரே வந்து நின்றாள்.

"இனிமே போன்ல உன் கொரலு கேட்டா, போனைக் கவுத்து வெச்சிட்டு சோறு ஆக்குவேன். தெரியுமா?"

முதல் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்தது. மேனேஜர் நன்றி சொன்னார். அவள் அவர் பக்கம் திரும்பாமல் நடந்தாள்.

ஜெபசிங்கிடமிருந்து ஏழு மிஸ்டு கால். அவள் எடுக்கவில்லை.

*

சாயங்காலம் ஆட்டோ வைத்துக் குணசுந்தரியைக் குப்பத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மாமனார் மாரியப்பன் விசைப்படகில் கடலுக்குப் போய் மூன்று நாள் ஆகிறது. வீட்டில் வேறு யாரும் இல்லை. ரஞ்சித் தலையணையை முதுகுக்கு அண்டை கொடுத்தான். சௌமியா ரசம் சோறு பிசைந்து எடுத்து வந்தாள்.

குணசுந்தரி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பசிக்கல."

"மாத்திரை போடணும் அத்தே. ரெண்டு வாய்."

"பொய்க்காரிக்கு எதுக்கு மாத்திரை?"

சொல்லியாயிற்று. அத்தை பயத்தில் சொன்னதாக அவள் கேட்டில் பேசியதை எவளோ ஆஸ்பத்திரிக்கே வந்து சொல்லிவிட்டாள். சௌமியா தட்டைக் கீழே வைத்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது எல்லாம் ஒன்றாக வந்தது.

"நான் இன்னா பண்ணணும் அத்தே? நீங்க எனக்காகத்தான் சொன்னீங்க. எனக்குத் தெரியாதா? ஆனா நீங்க சொன்னதை வெச்சு ஊரே வெயில்ல உக்காந்துகினு இருந்துச்சு. நான் சும்மா பாத்துகினு நிக்கவா? உங்க புள்ள விட்டுடுன்றாரு. ஆபீஸ்ல வாயை மூடுன்றாங்க. எல்லாரும் ஆளுக்கொரு பொய் வெச்சிருந்தா, நாளைக்கு நெசமாவே கசிஞ்சா யாரு அத்தே ஓடுவா?"

குணசுந்தரி மெதுவாகத் திரும்பினாள். கோபம் இருந்தது. ஆனால் அதற்குமேல் ஆச்சரியம்தான் இருந்தது.

"யாருடி உனக்காகப் பொய் சொன்னா?"

"நாத்தம் வந்துச்சுன்னு..."

"வந்துச்சு."

"அத்தே, இப்பவும்..."

"அடச்சீ! இருபது வருஷமா மீன் வாடையிலயும் ஐஸ் பாக்டரியிலயும் நிக்கறேன். அமோனியா வாடை எனக்குத் தெரியாதா? காலையில கொழாயாண்ட தண்ணி புடிச்சிகினு இருந்தேன். சுருக்குன்னு ஏறிச்சு. கண்ணுல தண்ணியா ஊத்துது. இன்னாடா, இவ மெசேஜே வரலியே, இவ்ளோ நாத்தம் அடிக்குதேன்னு நெனச்சேன். கொடத்தை வூட்ல வெச்சிட்டு வந்தப்பறம்தான் உன் மெசேஜ் வந்துச்சு. லேட்டா அனுப்பினாலும் அனுப்பினாளேன்னு நெனச்சுகினேன்."



செய்திக்குப் பிறகு நாற்றம் என்றால் பயம். செய்திக்கு முன்னால் நாற்றம் என்றால்?

அப்படியானால் மீட்டர் ஏறியிருக்க வேண்டும். ஏறியிருந்தால் நிஜ எச்சரிக்கை, சோதனைக்கு முன்னாலேயே, தானாகப் போயிருக்க வேண்டும். போகவில்லை. காலையிலும் சரி, கேட்டில் நின்று ஊருக்கே காட்டியபோதும் சரி, மீட்டர் ஒரே அளவைத்தான் காட்டியது. அச்சு அசலாக ஒரே அளவு. காற்றில் எதுவுமே அப்படி நாள் முழுக்க அசையாமல் நிற்காது.

வெளியே நீலக் குடத்தைக் கழுவும் சாக்கில் நழுவப் பார்த்த ரஞ்சித்தை வாசலில் மறித்தாள்.

"உன் கிளையில லிஸ்ட்டைத் தவிர வேற இன்னா மாத்தின?"

"வேற ஒண்ணும்..."

"ரஞ்சித்."

அவன் குடத்தைக் கீழே வைத்தான். "மீட்டர் அளவு ஏறி இறங்கிகினே இருந்துச்சு. வாய்ஸ் கால் ட்ரை பண்ணச் சொல்லோ ஒவ்வொரு தபாவும் வேற வேற ரிசல்ட்டு. கடுப்பாயிட்டு... மீட்டரைப் படிக்க வாணாம்னு வெச்சிட்டு, கையால ஒரு நம்பர் எழுதினேன். ட்ரையலுக்குத்தான் சௌமி."

"அதை எடுத்துட்டியா?"

அவன் குடத்தைக் காலால் நகர்த்தினான்.

"நேத்து சாயங்காலம் மெயின்ல சேக்கறதுக்கு முன்னாடி எடுத்தியா?"

"மறந்துட்டேன்."

"அப்போ நேத்து சாயங்காலத்துல இருந்து அந்த மீட்டரை யாரும் படிக்கல. உள்ள இன்னா கசிஞ்சாலும் நமக்குத் தெரியாது. நான் ஊர் முன்னாடி காட்டினது மீட்டர் இல்ல. நீ எழுதி வெச்ச நம்பரு."

அவனுக்கு அப்போதுதான் முழுவதும் உறைத்தது. உள்ளே ஓடி லேப்டாப் பையைத் திறந்தான். "இப்பவே முழுசா வெளிய எடுத்துடறேன். ஒரே நிமிஷம். இங்க சிக்னல் வேற கிடைக்க மாட்டேங்குது..."

"எடு. எடுத்ததும் மீட்டர் இன்னா காட்டுதுன்னு எனக்குக் கத்திச் சொல்லு. மறைக்காதே."

செருப்பைக்கூட மாட்டாமல் சௌமியா தெருவில் இறங்கினாள். வீடுகளில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. காலையில் இரண்டு முறை ஓடித் திரும்பிய குழந்தைகள் களைத்துப்போய் வாசலிலேயே தூங்கியிருந்தன. கிடங்கு இருக்கும் பக்கத்திலிருந்து காற்று வீசத் தொடங்கியிருந்தது. மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஏதோ இருந்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. அவளுக்குப் பழக்கமில்லை. அத்தைக்குத் தெரிந்திருக்கும்.

அப்பாவு வீட்டு வாசலில் பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க வந்து நின்றவளை ஏறிட்டுப் பார்த்தார். கையில் எடுத்த சோற்றை மறுபடி தட்டிலேயே போட்டார்.

"தலைவரே, மத்தியானம் நான் சொன்னது தப்பு. எல்லாரையும் கொஞ்சம் வெளிய வரச் சொல்லுங்க. கசிஞ்சுதா இல்லியான்னு எனக்கே தெரியல. தெரியற வரைக்குமாவது..."

அவர் சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றி நிதானமாகக் கை கழுவினார். எழுந்திருக்கவில்லை.

"காலையில ஓடுன்ன. ஓடுனோம். மத்தியானம் வூட்டுக்குப் போன்ன. வந்துட்டோம். இப்போ மறுபடி வெளிய வான்ற." துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "இதுவும் சோதனைதானாமா?"